மானிய மேசையில் ஒரு பெண் சொல்லாத பெயர்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. நீ சுகமாக இருக்கிறாய், கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது, நுளம்பு வலை இன்னும் கிழியவில்லை என்பதெல்லாம் அறிந்து சந்தோஷம். இங்கே வெள்ளவத்தையில் நாங்களும் சுகம். உன் அப்பாவின் கால் மழை வந்தால் நோகிறது, வெயில் வந்தால் மறந்துபோகிறது. உன் கடிதங்களை அவர் வழக்கம்போல முன்வாசலில் நின்று சத்தமாகத்தான் வாசிக்கிறார். எனக்காக என்று சொல்லிக்கொள்கிறார். உண்மையில் பக்கத்து வீட்டு ஓவசியருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக. மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான், வன்னியில் கமக்காரருக்கு மானியப் பணம் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை இந்த ஒழுங்கையில் அறியாதவர் ஒருவரும் இல்லை. மீன்காரன்கூட உன்னை விசாரித்துவிட்டுத்தான் தராசைத் தூக்குகிறான்.

இந்தமுறை உனக்கு எழுத நான் வேறொரு விஷயம் வைத்திருந்தேன். தெஹிவளையிலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். நல்ல இடம், பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், வீட்டாரும் நிதானமான ஆட்கள். உத்தியோகம் நிரந்தரமானதும் முற்றாக்கலாம் என்கிறார்கள். கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைக்குத் தாய் எழுதவேண்டிய புத்திமதிகளை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். செலவைப் பற்றி, கோபத்தைப் பற்றி, மாமியார் வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பற்றி. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை உன் அப்பா வாசித்தபோது அவை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இப்போது எழுதப்போகிறேன். நீளும். பொறுமையாக வாசி.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். யுத்தம் முடிந்தும் நாட்டில் அரிசி போதாது என்பதால், காடு வெட்டி நிலம் திருத்தி விதைக்கிறவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுக்கிறது. விதைநெல் வாங்கவும் எருமை வாடகைக்குப் பிடிக்கவும் அந்தப் பணத்தைத்தான் அங்குள்ள சனம் நம்பியிருக்கிறது. சில இடங்களில் செத்தவர்களின் பெயரில் ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டதால், புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வருகிறவர் பதிவில் உள்ள ஆளின் பெயரையும் நிலத்தின் அளவையும் எல்லைகளையும் தன் வாயாலேயே சொல்லவேண்டும். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் உட்பட வேறு எவரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. இவ்வளவும் நியாயம். நீ மேசை போட்ட அன்று ஒரு பெண் வந்திருக்கிறாள். புருஷன் காய்ச்சலோடு பாயில் கிடக்கிறான், அதனால் தான் வந்ததாகச் சொல்லியிருக்கிறாள். எத்தனை ஏக்கர் என்று சரியாகச் சொன்னாளாம். வடக்கே எந்த வாய்க்கால், தெற்கே யாருடைய வேலி, எந்தப் பாலை மரத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டினார்கள் என்பதுவரை சொன்னாளாம். "உம்முடைய புருஷன்ரை பேர் என்ன?" என்று நீ கேட்டதும் வாயடைத்துப் போனாளாம். மறுபடி கேட்டாய், தலையைக் குனிந்தாள். அதட்டிக் கேட்டாய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். விதானையார் ஏதோ சொல்ல வாயெடுக்க, நீ கையைக் காட்டி நிறுத்திவிட்டாய். "எல்லாத்தையும் பாடமாக்கிக்கொண்டு வந்த கள்ளி, புருஷன்ரை பேரைப் பாடமாக்க மறந்திட்டாள்" என்று எழுதியிருக்கிறாய். மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போகிற அறிக்கையில் ஐயத்துக்குரியது என்று குறித்து அவளைத் திருப்பி அனுப்பியதாகவும், விடுதியில் இதைச் சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததாகவும் எழுதியிருக்கிறாய்.

இங்கேயும் சிரித்தார்கள். உன் அப்பா சிரித்தார், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓவசியர் சிரித்தார். நானும் முதலில் சிரித்தேன், ஏனென்றால் நீ எழுதினால் அப்படித்தான், ஆட்களைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுவாய். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள் என்ற இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு உன் அப்பா வாசித்த ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கறி அடிப்பிடித்து மணக்கும்வரை அப்படியே நின்றேன்.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பிறந்த நாளிலிருந்து நீ என்னோடு இருந்தவன். உன் அப்பாவின் பெயரை நான் சொல்லி ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? நன்றாக யோசித்துப் பார். "இஞ்சருங்கோ" என்பேன், "தம்பியின்ரை அப்பா" என்பேன், வெளியார் வந்தால் "அவர்" என்பேன், கோபம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவேன். கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டால் நட்சத்திரத்தை நான் சொல்லிவிட்டு உன்னை முன்னால் தள்ளுவேன். நீதான் பெயரைச் சொல்லுவாய். அம்மாவுக்குப் பெயர் தெரியாது என்று அப்போது நினைத்தாயா? அப்பாவின் பெயரில் பாதி இருக்கிற ஒரு மரக்கறியைக்கூட நான் வேறு பெயர் சொல்லித்தான் வாங்குவேன். சந்தையில் நம்மைப் பார்த்துச் சிங்களக் கடைக்காரன் சிரிப்பான், நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். உன் வீட்டில் உன் கண்முன்னால் நடந்ததை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் உன்னால் அடையாளம் காண முடியாமல் போயிற்று. எனக்கு அதுதான் நோகிறது. உன்னைக் கண்டிக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை; நோகிறது என்பதை மறைக்கவும் முடியவில்லை.

பெயர் சொன்னால் புருஷனின் ஆயுள் குறையும் என்று கல்யாணத்துக்கு முதல்நாள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அது உண்மையா என்று நீ கேட்டால், தினமும் பத்திரிகை வாசிக்கிற எனக்கு ஓம் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். ஆனால் சொல்லிப் பார்த்துத்தான் உண்மையா பொய்யா என்று அறியவேண்டும் என்றால், எனக்கு அந்த அறிவு வேண்டாம். இது மூடத்தனம் என்று உன் சிநேகிதர்கள் சொல்லலாம். இருக்கட்டும். நாளைக்கு உனக்கு வருகிறவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிடட்டும், காலம் மாறுகிறது, நான் முகம் சுளிக்கமாட்டேன். சொல்லாதவளைப் பார்த்து மட்டும் நீ சிரிக்காதே.

ஒரே ஒருநாள் நான் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாது, அப்போது பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள் என்று உன்னை யாழ்ப்பாணத்துக்கு மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கிறது என்று உன் அப்பா விடியவே கந்தோருக்குப் போய்விட்டார். யுத்த காலத்தில் துறைமுக வேலைக்கு ஞாயிறு என்று ஒன்று இல்லை. வானத்தில் சத்தம் ஓய்ந்தபிறகு தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். துறைமுகப் பக்கம் எரிகிறது என்றார்கள், காயப்பட்டவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். ரிக்ஷாக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான். புறக்கோட்டை வழியாக நடந்தேன். கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, பெட்டியும் பாயுமாகச் சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் அந்தப் பக்கம் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசை போட்டு ஒரு சிங்களக் கிளாக்கர் பெயர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், களைத்துப் போயிருந்தார். என் முறை வந்தது. "நம கியன்ன, நோனா," என்றார், பெயரைச் சொல்லுங்கள் என்று. நான் உயரமான ஆள் என்றேன். மாநிறம் என்றேன். கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவரை முழுதாக வரைந்து காட்டினேன். அவர் மறுபடியும் பெயரைக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நாக்கு அசையவில்லை. பிடிவாதம் என்று நீ நினைப்பாய். பிடிவாதம் இல்லை, பயம். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த நிமிஷத்தில், அவருடைய உயிர் என் வாயில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, அவர் உள்ளே எங்கேயோ தனியாகக் கிடந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னேன். கிளாக்கருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். பட்டியலில் இல்லை என்றார். அதற்குமேல் நான் எவரையும் கேட்கவில்லை, உள்ளே புகுந்து நடைவழி நெடுக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். கோயில் வீதியில்கூடக் குரலை உயர்த்தாதவள் நான். உன் அப்பா கடைசியில் ஒரு மர வாங்கில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கந்தோர்ப் படியில் ஓடி இறங்கும்போது விழுந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் கிட்டப் போனபோது அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. நோவினால் என்று நினைத்தேன். "சத்தம் போடாதை, நான் இஞ்சைதான் இருக்கிறன்," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. நெடுநாள் வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருநேரம்தான் சாப்பிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணை யோசித்துப் பார். வீட்டில் புருஷன் காய்ச்சலோடு கிடக்கிறான். வன்னிக் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். மற்ற நாளென்றால் அவள் யாரையாவது பார்த்துக் கண்ணைக் காட்டியிருப்பாள், அவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை நீ தடுத்துவிட்டாய். சுகமாக இருக்கிற புருஷனின் பெயரைச் சொல்லவே பயப்படுகிறவள், பாயில் கிடக்கிறவனின் பெயரை எப்படிச் சொல்லுவாள்? வாயைத் திறந்தால் விதைநெல்லுக்குப் பணம். திறக்காவிட்டால் புருஷன் பிழைப்பான். அவள் அப்படித்தான் நினைத்திருப்பாள், பணத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நீ அவளைக் கள்ளி என்று எழுதியிருக்கிறாய்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அவன் என்ன பிழை செய்தவன்? சுற்றறிக்கையிலை உள்ளதைத்தானே செய்தவன்."

"பிழை செய்தவன் எண்டு நான் சொல்லேல்லை. செய்ததைத் திருத்தலாம் எண்டுதான் சொல்லுறன்."

"எப்பிடித் திருத்துறது? தானே எழுதினதைத் தானே பிழை எண்டு கச்சேரிக்கு எழுதுறதோ? அவன் இன்னும் ப்ரொபேஷனிலை இருக்கிறான். மேலிடத்திலை கறுப்புப் புள்ளி விழுந்தால் உத்தியோகம் நிரந்தரமாகாது. தெஹிவளைக்காரர் என்ன சொல்லுவினம்? நீ அவனுக்கு ஒண்டும் எழுதாதை."

உன் அப்பா கெட்டவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். தன் வாழ்நாள் முழுவதும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு முன்னால் கணக்கை நீட்டிக்கொண்டு நின்றவர். அரசாங்க நாற்காலியில் மகன் உட்காரவேண்டும் என்பது அவர் சொல்லாமல் வளர்த்த ஆசை. எனக்கும் அந்த ஆசை உண்டு, பொய் சொல்லமாட்டேன். தெஹிவளைப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் குடும்பத்தையும் பிடித்திருக்கிறது. உன் உத்தியோகம் போனால் நான் அழுவேன். ஆனால் ஐப்பசி மழைக்கு முன் விதைநெல் வாங்காத வீட்டில் அடுத்த மாசிக்கு என்ன இருக்கும் என்று நினைக்க எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். அறிக்கை மாதக் கடைசியில்தான் கச்சேரிக்குப் போகும் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய், அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அவளை மறுபடி மேசைக்குக் கூப்பிடாதே, அவள் வரமாட்டாள். நீ அவளுடைய வீட்டுக்குப் போ. விதானையாரையும் கூட்டிக்கொண்டு போ. பாயில் கிடக்கிற அந்த மனிதரிடம் கேள், அவருடைய பெயரை அவரே தன் வாயால் சொல்லட்டும். உன் சுற்றறிக்கை அதைத் தடுக்காது. கைநாட்டை வாங்கிக்கொண்டு பணத்தை அவருடைய கையில் கொடு. பிறகு மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுது. ஊர் வழக்கத்தை நான் யோசிக்கவில்லை, பிழை என்னுடையது என்று. விதானையாரின் தலையில் போடாதே. அவளிடம் போய் நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்டு அவளை இன்னும் கூசவைக்காதே. குடிக்கத் தண்ணீர் தந்தால் குடித்துவிட்டு வா. இன்னும் ஒன்று. ஒரு முழுப் பக்கம் அவளைப் பற்றி எழுதினாய், அவளுடைய பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. நீ கேட்கவேயில்லை என்று நினைக்கிறேன். அவளுடைய பெயரைக் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பாள்.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒளித்து அனுப்ப மனம் வரவில்லை. நடுவில் எழும்பிப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. ஆஸ்பத்திரி நடைவழி வந்தபோது பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். நான் முடித்தபிறகும் ரெயில் பாதைக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு எனக்குக் கால் நோகேல்லை."

நான் அவரைப் பார்த்தேன்.

"உன்ரை குரல் தூரத்திலை கேட்டது. என்ரை பேர். நீ என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறாய் எண்டால் நான் செத்துப்போனன் எண்டுதான் நினைச்சன். நீ கிட்ட வந்து என்னைப் பாக்குமட்டும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

 இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. உடனே எழும்பிக் கோட்டை எடுத்துப் போட்டார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"தபால் கந்தோருக்கு. உன்ரை கடிதம் போய்ச் சேர மூண்டு நாலு நாள் செல்லும். அங்கை மழை எப்ப தொடங்குமோ. அவனுக்கு ஒரு தந்தி அடிச்சுவிடுறன்."

"என்னெண்டு?"

"அந்த மனிசி வீட்டை போ எண்டு. வேறை என்ன?"

"உத்தியோகம்?" என்று நானே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். "போனால் இஞ்சை வந்து சாப்பிடட்டும். அந்தாள் அங்கை பாயிலை கிடக்கிறார்," என்றார். சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஒழுங்கையில் இறங்கினார். ஓவசியர் மதிலுக்கு மேலால் எங்கே என்று கேட்டதற்கு நிற்காமல் பதில் சொன்னார்.

அதனால், தம்பி, உன் அப்பாவின் தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்திருக்கும். இதை நீ வாசிக்கும்போது அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன். காரணம் தெரிந்தபிறகு போகலாம் என்று இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தாய் என்றால், காரணம் எல்லாம் எழுதிவிட்டேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, சைக்கிளை எடு.

உன் அம்மா